ட்ரெயிலர் மேசையின் கால்

15 ஜூலை 1978, சனி

தன்னைக் கேட்காமல் காரின் பின்னால் இழுத்துப் போகும் கேம்பிங் ட்ரெயிலர் வாங்கிவிட்டேன் என்று என் மனைவி ராணி கோபித்ததிலிருந்து, வீட்டு முன் டிரைவ்வேயில் நிற்கும் அதற்குள்ளேயே படுக்கிறேன். உள்ளே இருக்கும் பலகை பகலில் மேசை, இரவில் இறக்கினால் கட்டில். இன்று காலை மேசையை உயர்த்தினேன். கால் நிற்காமல் மடங்கியது. கீல் உடைந்திருந்தது. கடையில் புதியது வாங்கி வந்தேன். தனியாகப் பூட்ட முடியவில்லை. ராணி தானாகவே வந்து பலகையைத் தாங்கிப் பிடித்தாள்.

“இனிக் கட்டிலாவும் இறங்குமோ?”

“ஓம், இறங்கும்.”

“வேண்டாம். உது மேசையாவே நிக்கட்டும்.”

போகும்போது என் தலையணையையும் எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்குள் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை. அந்த மேசையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆடவில்லை. தலையணை இல்லாமல் எனக்கு நித்திரை வராது. அது அவளுக்கும் தெரியும்.