அண்ணன் வைத்த வாஷிங் மெஷின்

ஜூன் 3
வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. உள்ளே மாமியாரின் போர்வைகளும் நிறையத் தண்ணீரும். இடுப்பெலும்பு முறிந்து அவர் படுத்த படுக்கை, எனவே தினமும் போர்வை உண்டு. கரண்ட் வந்தால் ஓடும் என்றார் என் வீட்டுக்காரர். கரண்ட் போகவே இல்லை.

ஜூன் 4
கையால் துவைத்தேன். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

ஜூன் 6
கம்பெனிக்குப் போன் செய்தேன். புகார் பதிய, பில்லில் உள்ள நம்பருக்கு ஓடிபி போயிருக்கிறது, சொல்லுங்கள் என்றாள் ஒரு பெண். பில்லில் இருப்பது மயில்சாமி அண்ணன் நம்பர். புதுவீடு புகுந்தபோது அவர் வைத்த சீர் இது. எங்கள் பக்கம் சீர் சாமானுக்குக் கொடுப்பவர் பெயரில் பில் போட்டு, தட்டில் வைத்து, எல்லோர் முன்னும் படிப்பார்கள். பெருமைதான். கெட்டுப்போனால் யார் கேட்பது என்று அன்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அண்ணன் என்னோடு பேசி இரண்டு வருடம். என் மகள் தனப்பிரியாவைத் தன் மகனுக்குக் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள், நான் அவள் பக்கம் நின்றேன். வேறு இடத்தில் நடந்த அவள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை.

"அவரு ஊர்ல இல்லைங்க" என்றேன் போனில். பொய்.

ஜூன் 7
மறுபடி முயன்றேன். ஓடிபி போயிருக்கிறது என்றாள். அவள் லைனில் இருக்கும்போதே இன்னொரு அழைப்பு. அண்ணன்.

"நாலு, ஏழு, ரெண்டு, ஒம்போது." வைத்துவிட்டார்.

இரண்டு வருடத்தில் முதல் பேச்சு. புகார் பதிந்ததும் சமையலறைக்குப் போய் அழுதேன். வெங்காயம் எதுவும் அரியவில்லை.

ஜூன் 12
மெக்கானிக் சபரிநாதன் வந்தார். திறந்தார், மூடினார். "மோட்டாரு போச்சுங்க. இந்த மாடலையே நிறுத்திட்டாங்க, பார்ட்ஸ் வராதுங்க."

"மோட்டாருக்குப் பத்து வருசம் வாரண்டின்னு அட்டையில போட்டிருக்குதே?"

"மோட்டார் இருந்தாப் பத்து வருசந்தாங்க."

மோர் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான்.

ஜூன் 20
கம்பெனி பெரிய மனசு பண்ணியிருக்கிறது. புது மெஷின் வாங்கினால் தள்ளுபடியாம். என்ன நெனச்சுட்டு இருக்கறானுங்க? நாலு வருசத்துல மோட்டார் இல்லைங்கறான், அதுக்கு நான் இன்னொண்ணு வாங்கோணுமா? அவன் கடையையே தூக்கிட்டு வந்து வெச்சாலும் வாங்க மாட்டேன்.

நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். உத்தரவாதக் காலத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் மாற்றித் தரும்படியோ பணத்தைத் திருப்பித் தரும்படியோ கேட்கலாம், புகாரை அனுப்புகிறோம் என்றார் அந்த அம்மா. பில் என் பெயரில் இல்லையே என்றேன். "வாங்குனவர் சம்மதத்தோட பயன்படுத்துறவங்களும் நுகர்வோர்தாம்மா."

சம்மதம் நாலு வருடம் முன்பு இருந்தது. இப்போது இருக்கிறதா என்று சட்டம் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 2
மாற்றித் தருகிறார்களாம். பழையதைக் கொடுக்க பில்காரர் கையெழுத்து வேண்டுமாம்.

"உட்டுத் தொலை புள்ள, நானே ஒண்ணு வாங்கித் தாரேன்" என்றார் வீட்டுக்காரர். எனக்குத் துவைப்பது கூடப் பெரிதில்லை. இந்த வீட்டில் அண்ணனுடையது என்று இருப்பது இது ஒன்றுதான். இதையும் நம் காசில் மாற்றிவிட்டால் பிறகு என்ன இருக்கிறது? வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. வேண்டாங்க என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 3
நானே போன் செய்தேன். "அண்ணா, ஒரு கையெழுத்து வேணும்."

"எனக்குத்தான் தெனமும் மெசேஜ் வருதே அம்முணி. உங்க புகார் பரிசீலனையில் உள்ளதுங்கறான். நான் வெச்ச சீருக்கு மோட்டார் இல்லைங்கறதுக்கு அவன் ஆரு?"

கோபம் என்மேல் இல்லை, கம்பெனிமேல். நிம்மதியாக இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டுத் தாளைத் தோட்டத்து ஆளிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னார். தான் வருவதாகச் சொல்லவில்லை.

ஜூலை 24
புது மெஷின் வந்தது. இறக்க ஓடிபி வேண்டும் என்றார் வண்டிக்காரர். நான் போனை எடுப்பதற்குள் வாசலில் அண்ணன். மெஷின் இன்று வருகிறது என்று அவருக்கு மெசேஜ் வந்திருக்கிறது. செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"நம்பர் சொல்லுங்கண்ணா, அடுத்த ஊருக்குப் போகோணும்" என்றார் வண்டிக்காரர்.

"இருப்பா. காப்பி குடிச்சுட்டுச் சொல்றேன்."

அப்புறம்தான் செருப்பைக் கழற்றினார். உள்ளிருந்து மாமியார், "ஆரு, மயில்சாமியா? வா சாமி" என்றார். வண்டிக்காரருக்கும் காப்பி கொடுத்தேன்.

"புள்ள எப்படி இருக்கறா?" டம்ளரைப் பார்த்தபடி கேட்டார் அண்ணன்.

"ஆறு மாசம்ணா."

போனில் வெகுநேரம் நம்பரைத் தேடினார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

ஆகஸ்ட் 1
கம்பெனியிலிருந்து போன். மெஷினைப் பயன்படுத்துவது நீங்கள்தானே, உங்கள் நம்பரையே மாற்றிப் பதிந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள் அந்தப் பெண்.

"வேண்டாங்க. அண்ணன் நம்பரே இருக்கட்டும்" என்றேன்.