கீழத்தெருக் கிணறும் என் கையெழுத்தும்

நேற்று ரேஷன் அட்டைக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். கட்டைவிரலை நீட்டினேன். மை ஒட்டிக்கொண்டது; சோப்புப் போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை. அந்த வாசனையோடு நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். செத்து இத்தனை வருஷமாகியும் உனக்கு வேறு சோலி இல்லையாடி?

எழுதத் தெரிந்தவள் ஏன் கைநாட்டு வைத்தாள் என்று கேட்பாய். நீ உயிரோடு இருந்தபோது அதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆத்தூருக்கும் சித்தையன்கோட்டைக்கும் நடுவில் நம் ஊர். மேற்கே மலையில் மழை இறங்குவது கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் மட்டும் நம்மிடம் வராது. கடைமடை ஊர், அதிலும் கடைசி உங்கள் கீழத்தெரு. குடிக்கவும் குளிக்கவும் மாடு கழுவவும் ஒரே வாய்க்கால்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பஞ்சாயத்தில் பெண் ஒருத்தி இருக்க வேண்டும் என்றார்கள். ஐந்தாவது படித்தவள் என்று என்னைச் சேர்த்தார்கள். ஆம்பிளைகள் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் என் வீட்டுக்காரருக்குக் கௌரவக் குறைச்சலாம். அதனால் மறுநாள் தீர்மானப் புத்தகம் பியூனின் கக்கத்தில் ஏறி என் அடுப்படிக்கே வரும். நான் கையெழுத்துப் போட்டால் 'ஏகமனதாக' நிறைவேறியதாகக் கணக்கு.

"கவருமெண்டே ஒன் அடுப்படிக்கு வருதேக்கா!" என்று சிரிப்பாய். பிறகு குரலை இறக்கி, "எங்க தெருவுக்கு ஒரு கெணறு கேளேன். ஒன் பேச்சுக்கு அம்புட்டு மதிப்பு இருக்குல்ல" என்பாய்.

மனு எழுதினோம். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாய். முறத்தில் கேழ்வரகு மாவைப் பரப்பி, உன் விரலைப் பிடித்து எழுத வைத்தேன். "எம் பேரு நேரா நிக்குதாக்கா?" என்று கேட்டாய். கோணலாகத்தான் இருந்தது. நேராக நிற்கிறது என்றேன்.

கிணறு மஞ்சூராகி உத்தரவும் வந்துவிட்டது. உங்கள் தெரு வேம்படியில் சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டார்கள். அடுத்த மாதம் சோற்றுக்குக் கத்தரிக்காய் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில் பியூன் வந்து நின்றார்.

"செத்த நேரந்தான் தாயி. அடியில ஒண்ணு போட்டுருங்க."

"என்ன எழுதியிருக்கு?"

"எப்பவும் உள்ளதுதான்."

கத்தரிக்காய் கருகிவிடுமே என்பதுதான் என் கவலை. எண்ணெய்க் கையோடு போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துப் பஞ்சாயத்துத் தலைவரின் தென்னந்தோப்பு ஓரத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கேட்டேன். அவர் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். "எடத்த மாத்துன தீர்மானத்துல நீங்களுந்தான போட்டிருக்கீக?" என் பெயர் நேராக நின்றது. பக்கத்தில் எண்ணெய்க் கறை.

அந்தக் கோடையில் வாந்திபேதி வாய்க்கால் வழியே உங்கள் தெருவுக்குள் வந்தது. உன் சின்ன மகள் இரண்டு நாள் தாங்கினாள். நான் வந்தபோது குடத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் நீ சொன்னாய்: "நீ என்னக்கா செய்வ? அம்புட்டுப் பேரோடயும் ஒத்தையில மல்லுக்கட்டியிருப்ப."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பாவி, வாயைத் திறக்கவில்லை. பிறகும் எத்தனையோ நாள் வாய்வரை வந்தது, விழுங்கினேன். "எங்கக்கா கெணத்துக்காகச் சண்ட போட்டவ" என்று சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டேன். அதைக்கூட அடக்கம் என்றாய்.

தோப்புக் கிணறு தூர்ந்து குப்பை கிடக்கிறது. கீழத்தெருவில் இப்போது குழாய் வந்துவிட்டது. வந்து என்ன? அந்தப் பிள்ளை இருந்திருந்தால் பேரன் பேத்தி எடுத்திருப்பாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் கொடுத்துவிடுவாய், அதை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. உன் மகளைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து நான் எதிலும் பெயர் எழுதியதில்லை. இந்தக் கடிதத்தின் அடியிலும் கட்டைவிரலைத்தான் வைத்திருக்கிறேன்.