பிணையாக வரும் அழிசியைக் குறித்து முத்தாற்று வேந்தருக்கு

மலை நிலைத்திருக்க, மழை தவறாதிருக்க. வெண்குன்ற நாடு ஆளும் அரசியார் வேங்கைமாதேவியார் திருவாய் மொழிந்தபடி, தலையமைச்சன் பொன்னிலங்கன் எழுதுவித்த ஓலை. முத்தாறு பாயும் நாட்டுக்கு உரியவரும், ஆற்றிடைத் தீவுகள் அனைத்தையும் காப்பவருமான வேந்தர் இளவெயினனார் திருமுன் இது வாசிக்கப்படுக. தங்கள் கோட்டைகளில் கொடி நிமிர்ந்தும், தங்கள் கழனிகளில் கதிர் சாய்ந்தும், தங்கள் இல்லத்தார் நோயற்றும் விளங்குக.

காரைத் துறை பற்றிய வழக்கில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிர்க் கரைகளில் பாசறை இட்டு நிற்கும் இவ்வேளையில், படை விலக வேண்டுமானால் எம் அரச குலத்தார் ஒருவரைப் பிணையாக அனுப்புமாறு தாங்கள் கேட்டிருந்தீர்கள். எம் அரசியாருக்கு எஞ்சிய உறவு தங்கையார் ஒருவரே. அவர் நிறைசூலி, பல்லக்கின் குலுக்கலையும் தாங்கார். ஆகவே இவ்வோலையைக் கையில் ஏந்தி நிற்பவரையே பிணையாக அனுப்பியிருக்கிறோம். அவர் அரச குலத்தவர் அல்லர். பெயர் அழிசி. நரைத்த தாடியும் உப்புக் காற்றில் கறுத்த முகமும் தாங்கள் அறிந்த அழிசியை மறைத்துவிடக்கூடும் என்பதால், அவருக்கு நேர்ந்ததை அவர் சொன்னபடியே இங்கு எழுதுகிறோம்.

தங்கள் தந்தையார் காலத்துப் போர் ஓய்ந்தபின் தாங்கள் எம் கல்லறைக்குன்றக் கோட்டையில் பிணையிருந்தபோது, தங்களுக்குக் காவலாக நின்றவர் இந்த அழிசி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தொடக்கத்தில் தங்களை ஒரு சுமையாகவே அவர் எண்ணினாராம். தாங்கள் நடந்தால் நடக்க வேண்டும், அமர்ந்தால் நிற்க வேண்டும். ஒன்றே ஆறுதல்: மாலையில் தாங்கள் மதிலோரம் அமர்ந்திருக்கும் நேரத்தில், அங்கேயே நடக்கும் கைப்பந்தாட்டத்தில் அவரும் சேர்ந்துகொள்ளலாம்.

அக்கோட்டை வீரர் ஆடிய ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்ல அழிசிக்கே இப்போது வெட்கம். இரு கம்பங்களிடையே மீன்வலையைக் கட்டி, காற்றடைத்த தோல்பந்தை ஆளுக்கு ஆள் ஓங்கி அறைவதே அவர்களுக்குத் தெரிந்தது. எதிர்ப்புறத்திலிருந்து வரும் பந்தைப் பதமாக வாங்கிப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்க ஒருவனுக்கும் தெரியாது. வாங்கப் போனால் பந்து மதிலைத் தாண்டும். பாதி மாலை சரிவில் இறங்கி அதைத் தேடுவதிலேயே கழியும்.

ஒருநாள் அப்படித் தெறித்த பந்து தங்களை நோக்கி வந்தது. தாங்கள் எழுந்து, சிறிது நகர்ந்து, முழங்காலைத் தளர்த்தி, சேர்த்து நீட்டிய முன்கைகளில் அதை வாங்கினீர்கள். ஓசையே எழவில்லையாம். பந்து மெல்ல உயர்ந்து, அழிசி எட்டிப் பிடிக்க வாகாக அவர் தலைக்கு மேலே வந்து இறங்கியது. அவர் அதை அடிக்க மறந்து கையில் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை செய்யுங்க," என்றார். காவலன் பிணையாளியிடம் முதன்முதலாகக் கேட்டது அதுவே.

அன்று முதல் தாங்கள் அவர்களுக்குக் கற்பித்தீர்கள். "கையாலே வாங்கப் பாக்காதீங்க, காலாலே வாங்குங்க," என்று தாங்கள் சொன்னபோது வீரர் சிரித்தனர். பந்து வந்து சேரும் இடத்துக்குக் கால் முன்னதாகப் போய்விட்டால் கைக்கு வேலையே இல்லை என்பது அவர்களுக்கு மெல்ல விளங்கிற்று. பந்தே இல்லாமல் பல மாலைகள் நகரப் பழக்கினீர்கள். தோள் எத்திசை நோக்குமோ அத்திசையில்தான் பந்து போகும் என்றீர்கள். வாங்கப் போகிறவன் முன்கூட்டியே உரக்கச் சொல்ல வேண்டும் என்றீர்கள். அதுவரை இருவர் மோதி மூக்குடைந்தது பல முறை.

எல்லாரும் தேறினர், அழிசி மட்டும் தேறவில்லை. பந்தைக் கண்டதும் அவர் கைகள் அரிவாள் போல வீசின. மணிக்கட்டுகள் விலகின. இறுதியில் தாங்கள் தங்கள் மேலாடையைக் கழற்றி, அவருடைய இரு கைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, பந்தை மேலும் மேலும் எறிந்தீர்கள். அந்தியில் அவர் கைகள் அசையாமல் நின்றன. பந்து தானாக எழுந்து சென்றது. தம் வாழ்நாளில் அத்தனை மகிழ்ச்சியை அதற்கு முன் அறிந்ததில்லை என்று எம்மிடம் சொன்னார்.

அவ்வேளையில்தான் எல்லைக் கண்காணி முன்னறிவிப்பின்றிக் கோட்டைக்குள் குதிரையில் வந்தார். அவர் கண்டது கைகள் கட்டுண்ட காவலனையும், எதிரே நின்ற பகை நாட்டு இளவரசரையும்.

"இங்கே யாருக்கு யார் காவல்?" என்று கேட்டார்.

"பந்து வாங்கக் கத்துக்கிறேன், ஐயா," என்றார் அழிசி. அதைவிட நல்ல மறுமொழி அவருக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. பிழை தங்களுடையதே என்று தாங்கள் எடுத்துரைத்தும் கண்காணி செவிகொடுக்கவில்லை. அன்றிரவே தங்களை வேறு கோட்டைக்குக் கொண்டுசென்றனர். அழிசி பதவி உயர்ந்து தலைநகர் போனார் என்று பின்னர் தங்களுக்குச் சொல்லப்பட்டதாம். அது பொய். அவர் வாளும் ஊதியமும் பறிக்கப்பட்டு, தென்கடல் உப்பளத்துக்கு ஏவல்காரராக அனுப்பப்பட்டார். எம் நாட்டார் உரைத்த அப்பொய்க்காக எம் அரசியார் வருந்துகிறார்.

உப்பளத்தில் நெடுங்காலம் அவர் பந்தைத் தொடவில்லை. தொட்டால் அந்த மதிலும், சரிவின் ஈச்ச மரங்களில் எழும் காற்றும், தங்கள் குரலும் ஒருங்கே நினைவில் வந்துவிடும் என்று அஞ்சினார். ஒரு மாலை, வேலை முடிந்து உப்பளத்தார் துணிப்பந்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, செம்பி என்ற பெண் கையை வீசி வீசிப் பந்தைக் கடலுக்கு விரட்டுவதைக் கண்டார்.

"வீசாதேம்மா. நில்லு. அது உன்கிட்டதான் வருது," என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அங்கிருந்து மறுபடி தொடங்கினார். சென்ற வேனில் விழாவில் அந்த உப்பளத்தார் தலைநகருக்கு வந்து, பந்தை ஓங்கி அறையும் மலை போன்ற ஆட்கள் நிறைந்த எம் அரண்மனைக் காவலரை வென்றனர். எவ்வளவு ஓங்கி அறைந்தாலும் பந்து அவர்கள் பக்கம் ஓசையின்றி எழுந்ததைக் கண்டு வியந்த எம் அரசியார், இதைக் கற்பித்தவர் யார் என வினவினார்.

"முத்தாற்று வேந்தர், தாயே," என்றார் அழிசி. "அப்ப அவர் நம்ம கோட்டையிலே இருந்தார்."

தங்கள் பெயரை யாரும் அன்போடு சொல்லத் துணியாத நாட்கள் அவை. ஆயினும் அரசியார் அவரை அருகழைத்து, கதை முழுவதையும் கேட்டு, அரண்மனைக் காவலருக்கே ஆசானாக அமர்த்தினார்.

பின்னர்த் தங்கள் பிணைக் கோரிக்கை அவையில் வாசிக்கப்பட்டபோது, வாயிலருகே நின்ற அழிசி முன்வந்து, "என்னை அனுப்புங்க," என்றார். உப்பளத்து ஏவல்காரன் ஒருவனை எந்த வேந்தர் பிணையாக ஏற்பார் என்று மறுத்தவன் இவ்வோலை எழுதும் அமைச்சனே. அதற்கு அரசியார், எந்தக் குலத்தில் பிறந்தவரை அனுப்பினாலும் இழப்பு எமக்கு மட்டுமே; இவர் ஒருவரை இழந்தால்தான் இரு நாட்டுக்கும் இழப்பு என்று அருளினார்.

தாங்கள் ஏற்றுக்கொண்டபின் படையை விலக்கலாம் என்று எம் தளபதியர் கருதினர். அது வேண்டாம், தாம் ஆற்றைக் கடக்கும்போது முதுகுக்குப் பின்னே வேல்கள் நிற்கக் கூடாது என்று அழிசி கேட்டுக்கொண்டார். அவ்வாறே, அவர் ஓடத்தில் ஏறுமுன் எம் படை காரைத் துறையை விட்டு நீங்குக என அரசியார் ஆணையிட்டார். இதை வாசிக்கையில் தாங்கள் ஆற்றங்கரைக் கோட்டையின் சாளரம் வழியே நோக்கினால் எதிர்க்கரை வெறுமையாய்த் தோன்றும்.

ஏற்பீராயின் அவரை நல்லிடத்தில் இருத்துக. ஏலீராயின் பகற்பொழுதில், பசியாற்றி, அதே ஓடத்தில் திருப்பி அனுப்புக. எவ்வாறாயினும் எம் துறைவாயில் அவருக்காக அடைபடாது.

வேங்கைப்பூ இலச்சினை இட்டு, அரசியார் தம் கையாலேயே இவ்வோலைக்கு நூல் கட்டினார். இவ்வாணை நிற்க.