குற்றாலத்துத் திருவிருந்து

ஆகஸ்ட் 3, 2025. ஞாயிறு

ஆராதனை முடிந்து வடை எடுக்கப் போன நேரத்தில் என்னைச் சங்கத்துப் பெருமன்ற உறுப்பினராக்கிவிட்டார்கள். எங்கள் சபைக்கு இரண்டு பெண்கள் வேண்டுமாம். ஜாஸ்லின் ஏற்கெனவே கை தூக்கிவிட்டாள். சங்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ், தூக்காமல் இருக்க முடியாது. இன்னொரு கைக்கு ஆள் தேடினார்கள். எனக்கு வாயில் வடை இருந்ததால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

உறுப்பினருக்கு வேலை ஒன்றுதான். தென்கரைச் சுவிசேஷ சங்கத்தின் செயலாளர் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டும். செயலாளர் என்றால் சும்மா இல்லை. பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி, வாத்தியார் வேலை, போதகர்களான ஐயர்மாரின் இடமாற்றம், எல்லாம் அவர் கையில். ஆறு வருஷமாக அந்தக் கை ஞானதீபம் அண்ணாச்சியுடையது. என் வீட்டுக்காரர் கிருபாநிதியைத் தூத்துக்குடிப் பள்ளியிலிருந்து தூக்கி, மேற்கே மலையடிவாரத்துப் பாறைக்குளத்தில் போட்டதும் அதே கைதான். கணக்கு வாத்தியார் வேலைக்குக் கணக்குப் படிக்காத ஒருவரை ஏன் எடுத்தீர்கள் என்று மீட்டிங்கில் இவர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று நான் இதுவரை சொன்னதில்லை. நினைத்ததுண்டு.

சனிக்கிழமை வந்து திங்கள் விடியற்காலை போகிறார். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. அங்கே கிடைப்பது ஓட்டல் பரோட்டா.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பனிமயமாதா திருவிழா. எங்கள் ஷிப்பிங் ஆபீசும் லீவு. ஊரே கத்தோலிக்கர் பக்கம் போய்விட்ட நாளில் ஞானதீபம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

ஓட்டு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. “ஜெபம் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன் ஈவா” என்றார். எழுந்து நின்று கண்ணை மூடினார். “ஆண்டவரே, இந்தக் குடும்பம் பிரிஞ்சு கெடக்கு. புருசன் அங்கன, பொண்டாட்டி இங்கன. இந்தக் கண்ணீர நீர் பாக்கீரு. இந்த மாசம் முடியுமுன்ன ஒரு வழியத் தொறந்து குடும்.” ஏதோ பிரித்து வைத்தது ஆண்டவர் என்பதுபோல.

நானும் ஆமென் என்றேன். அந்த ஜெபம் பலிக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணாச்சி வந்து ஜெபித்துப் போனதை இவரிடம் சொன்னேன். சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏளா, அவருக்கே போட்டுரு. நான் வீட்டுக்கு வந்துருவேன்.”

“எதிர்த்து நிக்கது வில்பிரட் டாக்டர்லா?”

“நல்ல மனுசந்தான். நல்ல மனுசன் ஜெயிச்ச சரித்திரம் நம்ம சங்கத்துல உண்டா?”

மீட்டிங்கில் எழுந்து கேள்வி கேட்டவர் இவர்தானா? பாறைக்குளம் மனுஷரை நன்றாகவே பக்குவப்படுத்தியிருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆபீசில், யூரியா கப்பல் இன்னும் துறைமுகத்துக்கு வெளியிலேயே நிற்கிறது. எழுத வேறு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன். குற்றாலம்

அண்ணாச்சி பக்கத்து உறுப்பினர்களுக்கு ‘ஆயத்த ஜெப முகாம்’. ஏ.சி. பஸ்ஸில் கூட்டி வந்து லாட்ஜில் இறக்கினார்கள். போனையெல்லாம் வாங்கி ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள், ஜெபத்துக்கு இடைஞ்சலாம். நாளை மறுநாள் காலையில் நேரே ஓட்டுப் போடும் மண்டபத்துக்குத்தான் பஸ் போகும். சீசன் நன்றாக இருக்கிறது. சாரலில் ஜாஸ்லின் சிறுபிள்ளை போலச் சிரித்தாள். ஜெபம் இதுவரை இல்லை. மட்டன் பிரியாணி இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் லாட்ஜ் ஹாலில் திருவிருந்து என்றார்கள், ஆண்டவருடைய சரீரமென்று அப்பம் வாங்குகிற ஆராதனை. மேசையில் வெள்ளைத் துணி, அப்பத்தட்டு, திராட்சரசப் பாத்திரம். நடத்துவது எங்கள் சபையின் பிரைட்டன் ஐயர். குருப்பட்டம் வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்குப் பக்கத்தில் அண்ணாச்சி வேதப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையில் ஒவ்வொருவராக வந்து அதன்மேல் கை வைத்து, “என் ஓட்டு ஞானதீபம் அண்ணாச்சிக்கே, ஆமென்” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஐயர் அப்பத்தைக் கையில் வைப்பார்.

யாரும் சத்தம் போடவில்லை. யாரும் வெளியே போகவில்லை. எனக்கு முன்னால் ஜாஸ்லின் சொன்னாள். அவள் மகன் சவூதியில் இருக்கிறான். சொல்லும்போது அவன் பெயரை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

என் முறை வந்தது. ஐயர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்னேன். ஆமென் என்றேன். அப்பத்தை வாங்கி விழுங்கினேன்.

ஏன் சொன்னேன்? வாயத் தொறக்காம திரும்பி வந்திருக்கலாம்லா? கழுத்துலயா கத்தி வச்சான்? இவரு வீட்டுக்கு வரணும், அதுக்காவத்தான சொன்னே — வேற என்ன நியாயம் இருக்கு உனக்கு?

இன்னொன்றும் பார்த்தேன். கடைசி ஆள் வரை வாங்கியாயிற்று. அண்ணாச்சி வாங்கவில்லை. தட்டு அவர் பக்கம் திரும்பியதும் புத்தகத்தை மூடிவிட்டு, சாப்பாடு தயாரா என்று பார்க்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

பஸ்ஸில் அண்ணாச்சிக்குப் பின் சீட் எனக்கு. பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார்: “பத்திரத்துல எழுதி வாங்குனா கிழிச்சிருவானுவ. இத எப்படிக் கிழிப்பானுவ? வயித்துக்குள்ளலா போயிருக்கு.”

மண்டபத்தில் மறைவுத்தட்டிக்குப் பின்னால் நான் நின்றது கொஞ்ச நேரம்தான். யோசித்ததை எழுதி வைக்கிறேன். சத்தியத்தை மீறுவது பாவம். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அந்த அப்பம் அண்ணாச்சி வீட்டு அப்பம் இல்லை. தனக்குச் சொந்தமில்லாததைக் காட்டி ஒருவர் வாக்கு வாங்கினால் அது யாருக்குக் கொடுத்த வாக்கு? அதோடு, இந்தப் பூட்டு பயப்படுகிறவர்களுக்கு மட்டும்தான். பயமில்லாதவன் பூட்டிவிட்டுச் சாவியோடு பந்திக்குப் போகிறான்.

டாக்டர் வில்பிரட்டுக்குப் போட்டேன்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை. குற்றாலத்துப் பிரியாணி இன்னும் செரிக்கவில்லை என்று இவரிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணாச்சி ஜெயித்துவிட்டார், பெரிய வித்தியாசத்தில். என் ஓட்டு அவர் காலில் ஒரு தூசியாகக்கூடப் படவில்லை.

ஜாஸ்லின் போனில் அழுதாள். “நான் அவருக்கே போட்டுட்டேன் அக்கா. சாமி காரியம்லா. பிள்ளைக்கு ஏதும் ஆயிட்டுன்னா? ஆனா எனக்கே என்னப் புடிக்கல.” நான் என்ன செய்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 6, சனி

அண்ணாச்சியின் ஜெபம் ஒரு வாரம் பிந்திப் பலித்தது. இவருக்கு ஆர்டர் வந்துவிட்டது, தூத்துக்குடிக்கே. தேதி போட்டு, சீல் வைத்து. இவர் வரும் வழியிலேயே சீலா மீன் வாங்கி வந்தார். பாறைக்குளத்து அறையை எப்போது காலி பண்ணுவது, பாயை யாருக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டே இருந்தார். இப்படிப் பேசி நாளாயிற்று.

மீன் பொரிகிற சட்டிக்கு முன்னால் நின்றபடியே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“யாருக்கும் தெரியாதுல்லா?” என்றார்.

“தெரியாது.”

“அப்ப சரி.”

சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து கை கழுவினார். இரண்டு துண்டு மீன் தட்டிலேயே கிடந்தது. நான் கொடுக்காத ஓட்டுக்கு வந்த கூலி இது. அதை அவருக்கு நான்தான் பரிமாறினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அண்ணாச்சிக்கு மாலை போடுவதற்காக எங்கள் சபைக்கு வரவழைத்திருந்தார்கள். முன் வரிசையில் இருந்தார்.

ஐயர் அழைத்ததும் எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. முன்கூட்டியே நினைத்தது இல்லை, கால் வரவில்லை. இந்தப் பக்கம் ஜாஸ்லினும் உட்கார்ந்தே இருந்தாள். சத்தியத்தை மீறினவளும் எழவில்லை, காத்தவளும் எழவில்லை. இவர் எப்போதும் முதல் ஆளாகப் போகிறவர். நடுவழிவரை போய்விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மேசைக்கு முன்னால் அண்ணாச்சி முழங்காலிட்டார். மாலை போட்டிருந்தார், இங்கே வாங்கத்தானே வேண்டும். ஐயர் கொடுத்தார்.

வாசலில் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கேட்டார். “என்ன ஈவா, ஒடம்புக்கு முடியலியா?”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு ஓட்டுத்தான் போடல.”

நானா சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். சுற்றி நின்றவர்கள் செருப்பைத் தேடுவதில் மும்முரமானார்கள். அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். இவர் சட்டைப்பையில் இருந்த பேனாவைச் சரி செய்துகொண்டு, “பாயக் குடுக்காண்டாம், வா” என்றார்.

செப்டம்பர் 10, புதன்

நிர்வாகக் காரணங்களுக்காக ஆர்டர் ரத்து.

செப்டம்பர் 14, ஞாயிறு

பிரைட்டன் ஐயர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தினார். “குற்றாலத்துல நான் குடுத்தது திருவிருந்து இல்ல. அங்க வாங்குன சத்தியம் யாரையும் கட்டாது. அன்னைக்கே தட்ட எடுத்துட்டு நான் வெளிய போயிருக்கணும். பயந்துட்டேன்” என்றார். அவ்வளவுதான். பிறகு பாட்டு.

ஜாஸ்லின் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா இவரு.” சொல்லியிருக்கலாம்தான். எனக்கும் அவர்மேல் கோபம் தீரவில்லை. ஆனால் அந்த மேடையில் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்ன ஆள் இத்தனை வருஷத்தில் ஐயர் ஒருவர்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

ஐயருக்கு மாற்றல், பாறைக்குளத்துக்கு.

போனில் இவர் கேட்டதும் சிரித்துவிட்டார். “அனுப்புனா நல்லதுதான். இங்கன பாதிப் பேரு அண்ணாச்சி அனுப்புன ஆளுதான். இன்னும் ரெண்டு பேரு வந்தா ஒரு சங்கமே நடத்தலாம்.” பிறகு, “அவருக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேளு” என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு. பாறைக்குளம்

நேற்றே பஸ் ஏறி வந்தேன். இவர் அறை நான் நினைத்த அளவுக்கு மோசமில்லை. நினைத்ததைவிடச் சின்னது. ஐயர் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவருக்குச் சமைக்கத் தெரியும். பரோட்டா நின்றிருக்கிறது.

கோயில் ஓட்டுக்கட்டடம். பீடித்தொழில் பார்க்கும் பெண்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், இவரைப்போல அனுப்பப்பட்ட வாத்தியார்கள் சிலரும். திருவிருந்துக்கு அழைத்தபோது நான் எழலாமா என்று இன்னும் தெரியவில்லை. சொன்ன பொய்க்கு நான்தானே பொறுப்பு? ஐயர் கட்டாது என்று சொன்னதால் அது என்னைவிட்டுப் போய்விடுமா? இவர் எழுந்து எனக்காக நின்றார். போனேன்.

முழங்காலிட்டுக் கையை நீட்டினேன். ஐயர் இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தார். அப்பத்தைக் கையில் வைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நாலு மணிக்குத் தூத்துக்குடி பஸ். இவர் ஏற்றிவிட வந்தார். ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். நான் மட்டும் வந்தேன்.