அரைமணி நேரம் கண் எடுக்காதவள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அதுவும் சரியாகிவிட்டால் அவருக்குப் பேச விஷயமில்லாமல் போய்விடும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். உன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் வாசல் திறந்த வீடு மாதிரி இருக்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, இப்போது குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். நம் வீடோ ஒன்றரை அறை, நான் போனில் பேசினால் தெருமுனை வரை கேட்கிறது என்று அப்பாவே சொல்கிறார். இது உன் மனைவி காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம். பயப்படாதே, கெட்டது எதுவும் இல்லை. ஆனால் கடைசி வரி வரை படித்து முடிக்காமல் போனைக் கையில் எடுக்காதே, நீ பாதி கேட்டதுமே பதில் சொல்லிவிடுகிற ஆள்.

ரயில் ஓட்டுநர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் போன வருஷம் உன் மனைவி தோற்றாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய். முடியவில்லை. அந்தத் தேர்வை ஒருவர் வாழ்நாளில் இரண்டே தடவைதான் எழுதலாம். முதல் தடவை தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், இரண்டாவதிலும் தவறினால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் உள்ளே விடமாட்டார்கள். அந்த ஒரு வருஷத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று நான் கூடவே இருந்து பார்த்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னையும் அப்பாவையும் சொல்லவிடவுமில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை அந்த ஆவியிலும் சூட்டிலும் நின்றுவிட்டு வருவாள், குளிப்பாள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவாள், நாலு மணிக்கு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவாள். ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சல் நாளில்கூட கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள், நான் திட்டினேன், காதில் வாங்கவில்லை.

ரயில் ஓட்டத் தைரியமும் கை வலுவும்தான் வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். அதை அங்கே யாரும் கேட்பதே இல்லை. ஒரு தேர்வில் ஏதோ இயந்திரத்தைப் பற்றிப் பதிவு செய்த குரல் ஒன்று பத்து நிமிஷம் பேசும், எழுதிக்கொள்ளக் கூடாது, முடிந்ததும் கேள்வி வரும். இந்தப் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். துணி துவைக்கும் இயந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தி வாசிக்கிறவர் மாதிரி படிப்பார். அது தீர்ந்ததும் தண்ணீர் மோட்டார், அதுவும் தீர்ந்ததும் எதிர்வீட்டுக்காரரின் காது மிஷினுக்கு வந்த புத்தகம். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டு இருபது கேள்விக்குப் பத்தொன்பது சரியாகச் சொல்வாள். படித்தவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. போன வாரம் துணி துவைக்கப் போய் அப்பா இயந்திரத்தின் மூடியைத் திறக்கப் பார்த்தார், "மாமா, சிவப்பு விளக்கு ரெண்டு தடவை மின்னினா திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே படிச்சீங்க" என்று அவள் அடுப்படியிலிருந்தே சொன்னாள். மனிதர் அசடு வழிய நின்றார்.

இன்னொரு தேர்வு கட்டம் பார்ப்பது. கணினித் திரையில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் வந்து வந்து போகும், எல்லாம் ஒரே மாதிரி. எப்போதாவது ஒன்று மட்டும் துளி கறுத்து வரும், அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். அரைமணி நேரம் இதேதான். தெருமுனை மருந்துக்கடைக்காரி தன் பழைய கணினியை இதற்காக இரவல் கொடுத்தாள். நானும் சும்மா இருக்காமல், சட்டைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷமாகத் தையலும் பட்டனும் சரிபார்க்கிற செக்கராக இருக்கிறவள் கண்ணுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று பீற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது நிமிஷம் பின்கட்டுக் குழாயை மூடினேனா என்ற நினைப்பு வந்தது, அவ்வளவுதான், ஒன்பது கறுப்பில் ஆறு என் கண்முன்னாலேயே போய்விட்டது. பிறகு அவள் உட்கார்ந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். ஒரு ஈ அவள் முழங்கையில் உட்கார்ந்து தோள்வரை நடந்தது, அவள் அசையவில்லை. பிள்ளை வந்து அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு அந்த முகத்தைப் பார்த்ததும் தானாகவே பின்வாங்கிப் போனாள். அரைமணி முடிந்தபோது ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டதடா. எட்டு வருஷமாக என்னோடு ஒரே அடுப்படியில் நிற்கிறவள், இப்படி ஒருத்தி அவளுக்குள்ளே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறேன்.

இப்போது நான் செய்த கோளாறைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. போன வருஷம் அவள் தோற்றது புள்ளித் தேர்வில். தாள் முழுக்க வரிவரியாகப் புள்ளிக் கூட்டங்கள், மூன்று, நாலு, ஐந்து என்று கலந்து கிடக்கும், நாலு புள்ளி உள்ளதை மட்டும் வேகமாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு நேரக் கணக்கு உண்டு. நான்தான் தாள் தயாரிக்கிறேன் என்று முன்வந்தேன். எங்கள் செக்கிங் மேசையில் ஒரு வழக்கம் உண்டு, நாம் விழித்திருக்கிறோமா என்று பார்க்க சூப்பர்வைசர் நல்ல சட்டைக் கட்டுக்குள் ஒரு கோணல் தையலை வேண்டுமென்றே சொருகி வைப்பார். அதே தந்திரத்தை நானும் செய்தேன், இரண்டு வரி முழுக்க நாலே வராமல் விட்டு, திடீரென்று மூன்றை அடுத்தடுத்து வைப்பேன். சாப்பாட்டு இடைவேளையில்கூடப் புள்ளி வைத்தேன். நாலு மாதத்தில் அவள் வேகம் எங்கேயோ போய்விட்டது, தவறு என்ற பேச்சே இல்லை. நாங்கள் இருவரும் தலைகால் புரியாமல் இருந்தோம்.

தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது ஒரு மாலை அவள் பாதித் தாளில் பென்சிலைக் கீழே வைத்தாள். "அத்தை, நான் எண்ணவே இல்ல. எண்ணாமலே கை போகுது. எனக்குப் புள்ளி தெரியல, உங்க கைதான் தெரியுது" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளைத் தூரப் பிடித்துக் காட்டினாள். மூன்றும் ஐந்தும் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன, நாலு மட்டும் எங்கே பார்த்தாலும் சட்டைப் பட்டனின் நாலு துளை போலக் கச்சிதமான சதுரம். முப்பத்திரண்டு வருஷம் பட்டன் பார்த்த கை, வேறு எப்படி வைக்கும்? மருந்துக்கடைக்காரியிடம் ஓடி அச்சடித்த தாள் ஒன்று வாங்கிவந்து எழுதிப் பார்த்தாள், போன வருஷம் தோற்ற அதே இடத்தில் வந்து நின்றாள். நாலு மாதமாக நான் அவளுக்கு என் கையெழுத்தைப் பழக்கியிருக்கிறேன். அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். இருக்கிறது ஒரே ஒரு வாய்ப்பு, அதையும் நானே கெடுத்தேனே என்று. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் இரண்டு டம்ளரில் டீ போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நல்லவேளை அத்தை, இங்கேயே தெரிஞ்சுது. வண்டியில உக்காந்த பிறகு, சிக்னல் எப்பவும் பச்சைதானேன்னு பாக்காமலே பாத்ததா நெனச்சுப் போயிருந்தா என்ன ஆகும்" என்றாள். நான் ஒரு தேர்வை நினைத்து அழுகிறேன், அவள் எப்போதோ ஓட்டப்போகிற வண்டியில் இருக்கிறவர்களை நினைக்கிறாள்.

அச்சில் கிடைத்தது அந்த ஒரு தாள்தான், அதையே திரும்பத் திரும்பப் போட்டால் அதுவும் மனப்பாடமாகிவிடும். அதனால் அப்பா முழங்காலை மறந்து கிளம்பினார். கையில் ஒரு கட்டுத் தாள், சட்டைப்பையில் ஆறு பென்சில். சலூனில் முடிவெட்டக் காத்திருப்பவர்கள், மருந்துக்கடையில் சீட்டோடு நிற்பவர்கள், பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காக நிற்கும் அம்மாக்கள், எல்லோரையும் ஆளுக்கு ஒரு பக்கம் புள்ளி வைக்கச் சொல்லி வாங்கிவந்தார். எதற்கென்று கேட்டவர்களிடமெல்லாம் வீட்டில் ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்லியிருக்கிறார், நமக்கு இப்போது தெருவில் மரியாதை கூடியிருக்கிறது. சலூன்காரர் இடதுகைப் பழக்கம், அவர் தாள்தான் அவளை மிகவும் படுத்தியது, தினமும் அவரிடம் ஒன்று கேட்டு வாங்கினாள். உன் மகள் வைத்தது புள்ளியா குண்டுமணியா என்று தெரியவில்லை, அதையும் அவள் எண்ணித்தான் அடித்தாள். பத்தொன்பது நாளும் எண்ணினாள்.

தேர்வு நாளன்று நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ரயிலுக்கு நின்றபோது அவள் என்னை நடைமேடையின் முன்கோடிக்கு, நாம் யாரும் போகாத இடத்துக்கு, அழைத்துப் போனாள். வண்டி உள்ளே வந்தது. இத்தனை வருஷமாக ரயில் ஏறுகிறேன், ஒரு தடவைகூட ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் நடுத்தர வயசு மனிதர், ஒரு கை கைப்பிடியில், கண் நேரே, வாய் மட்டும் தானாகப் பேசுகிறது. யாரிடம் பேசுகிறார் என்று கேட்டேன். சிக்னலைப் பார்த்ததும் அது என்னவென்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்களாம், பார்த்தது நிஜம்தானா என்று தனக்கே சரிபார்க்க. பின்னால் எட்டுப் பெட்டி. ஒருத்தர் வாயைப் பிளந்து தூங்குகிறார், ஒருத்தி பிள்ளைக்குத் தலை பின்னுகிறாள், ஒருவன் அலைபேசியில் சிரிக்கிறான். முன்னால் தனியாக ஒரு மனிதர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கும்பிடத் தோன்றியது. நீயும் கிரேனில் அத்தனை உயரத்தில் தனியாக ஒரு கூண்டில் உட்கார்ந்திருப்பவன்தானே, இது உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தேர்வுக் கூடத்துக்குள் பதினாலு பேர் போனார்கள், அவளையும் சேர்த்து மூன்று பேர் பெண்கள். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் தவறியவர்களை அப்போதே வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் எதிரே பெஞ்சில், தண்ணீர் பில்டர் பக்கத்தில். முதலில் புள்ளித் தேர்வு. கதவு திறந்தது. ஐந்து பேர் பையை எடுத்துக்கொண்டு வந்தார்கள், அவள் இல்லை. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், தாகமே இல்லை. அடுத்து இரண்டு பேர். அதற்கடுத்துக் கட்டம் பார்க்கும் தேர்வு, அது முடிந்து மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒரு நெட்டைப் பையன் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, "ஒண்ணுமே இல்லாததை அரைமணி நேரம் பாக்கச் சொல்றாங்கம்மா, யாரால முடியும்" என்றான். பாவம், அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். கடைசியாகக் கையும் காலும் சேர்ந்து வேலை செய்கிற தேர்வு, விளக்கு எரிந்தால் கையால் பொத்தான், சத்தம் கேட்டால் காலால் மிதிகட்டை. ஒருவர் வந்தார். மூன்றரை மணிக்குக் கதவு முழுசாகத் திறந்தது, மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். உன் மனைவி கையில் ஒரு தாளோடு கடைசியாக வந்தாள். தேறிவிட்டாளடா. அவள் என் தோளில் சாய்ந்து அந்தப் பெஞ்சிலேயே பத்து நிமிஷம் தூங்கினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு நேர்முகமும் உடல் பரிசோதனையும் இந்த வாரம் முடிந்துவிட்டன, அடுத்த மாதம் பயிற்சி. இன்னும் பத்து நாளில் சேர்க்கைக் கடிதம் கையில் தருகிறார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ரயிலில் நான் போனை எடுத்தேன், இப்போதாவது அவனுக்குச் சொல்லலாமே என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "வேணாம் அத்தை, அவர் சிரிச்சிடுவார்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முதன்முதலில் அவள் இதற்கு விண்ணப்பம் போட்டதைச் சொன்ன அன்றைக்கு, நீயா, ரயிலா என்று நீ போனில் விழுந்து விழுந்து சிரித்தாய். விளையாட்டுக்குத்தான், எனக்குத் தெரியும். நானும் இங்கே சிரித்தேன், அப்பாவும் சிரித்தார், அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். அவளும் சிரித்ததால்தான் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பதினாலு பேர் நடுவில் கடைசிவரை தாக்குப்பிடித்தவள் உன் சிரிப்புக்குப் பயந்துகொண்டு ஒரு வருஷம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகு, யாரும் சிரித்துத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று ஆன பிறகுதான், உன்னிடம் சொல்வாளாம். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிக்கமாட்டான், அவன் என் பிள்ளை என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது. அதனால்தான் மறுபடி சொல்கிறேன், இந்தக் கடிதம் முந்தி வந்துவிட்டால் அவள் போனுக்காகக் காத்திரு. அவள் சொல்லும்போது குறுக்கே பேசாதே, வேலை நேரம் என்ன, பிள்ளையை யார் பார்ப்பது என்று ஆரம்பிக்காதே, பிள்ளையைப் பார்க்க நாங்கள் இருக்கிறோம். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லாதே, சும்மா இரு. நீ கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

நீ நல்லா இருக்கணும், உங்கள் இருவர் வேலையும் ஒருவருக்கும் கெடுதல் இல்லாமல் நடக்கணும், நீ மேலே ஏறுகிற ஒவ்வொரு நாளும் பத்திரமாக இறங்கணும் என்று மனசார வாழ்த்துகிறேன். அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு வருகிறது. பெல்ட் போடாமல் ஏணியில் ஏறாதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, ஊருக்கு வரும்போது உன் பையைக் காலி செய்து துவைப்பது அவள்தான்.

உன்னை நம்பி அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்ட,
அம்மா