அந்த இரைச்சல் யாருடையது

ஜூன் 4

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். நீ நலமா என்று போனில் தட்டினால் "ம்" என்று ஒரு எழுத்தில் தப்பித்துக்கொள்வாய். அதனால்தான் தாளை எடுத்தேன். தாளில் என்றால் நாலு வரியாவது எழுதித்தானே ஆகவேண்டும்.

நான் ஒரு ஆசிலோஸ்கோப் வாங்கப்போகிறேன். உன் பட்டறை மேசையில் இருக்குமே, மின்சாரம் ஆடுகிற ஆட்டத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டுமே, அதுதான். காது போனதிலிருந்து என் பின்னறை மேசை தூசி படிந்து கிடக்கிறது. முன்பெல்லாம் ரேடியோவைப் பிரித்தால் ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். இப்போது வெறும் மீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அது ஒரு எண்ணைக் காட்டிவிட்டுக் கம்மென்று இருக்கிறது. அச்சகத்தில் பகல் முழுக்கப் பிழை பார்க்கிற கண் இது. காதுக்குப் பதில் இது உழைக்கட்டும்.

மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று உள்ளங்கை அளவு, பேட்டரியில் ஓடும். இன்னொன்றுக்குத் திரை கிடையாது, கம்ப்யூட்டரில் சொருக வேண்டும். மூன்றாவது ஒரு கல்லூரி கழித்துப்போட்ட பழைய பெட்டி. எக்கச்சக்கமான திருகுகள், தூக்க ரெண்டு ஆள் வேண்டும். அத்தானைக் கேட்டால் "நிறைய திருகு இருக்கிறதையே வாங்கு, காசுக்கு அதுதான் நியாயம்" என்கிறார். நீ சொல்.

நீ இந்த வீட்டுப் படி ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. லிஃப்ட் நின்றுவிட்டது, மழை, பிள்ளைக்குப் பரீட்சை என்று நீ சொன்ன சாக்குகளைத் தொகுத்தால் ஒரு புத்தகமே போடலாம். மெய்ப்பு நான் பார்த்துத் தருகிறேன்.

உன் அக்கா

*

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. உள்ளங்கை அளவானதையே வாங்கு. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் மாதிரி சத்தம் சம்பந்தப்பட்ட வேலைக்கு அது தாராளம். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் மெகாஹெர்ட்ஸ் போட்டிருப்பான், அதைப் பார்த்து மயங்காதே. கம்ப்யூட்டரில் சொருகுவது வேண்டாம், கை தவறினால் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும். பழைய பெட்டி நல்லதுதான். ஆனால் அது சுவர் பிளக்கில் ஓடுவது. அதன் கறுப்புக் கிளிப் நேராக எர்த்தோடு சேர்ந்திருக்கும். தப்பான இடத்தில் மாட்டினால் பட்டென்று வெடிக்கும். பேட்டரியில் ஓடுவதற்கு அந்த ஆபத்து குறைவு. அதற்காகச் சுவர் கரண்ட் வருகிற பக்கம் போய்விடாதே.

உனக்கு அந்த "பட்" கூடக் கேட்காது என்று எழுதவந்து, பேனா நின்றுவிட்டது. நான் சொன்னதெல்லாம் சாக்குதான், அக்கா. உண்மையை எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் காது போனபோது டாக்டர் அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். "இரைச்சல் எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். "ஒரு வருஷமா" என்றாய். "ஆரம்பிச்சப்பவே வந்திருக்கக் கூடாதா" என்றார். அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான் செய்துகொடுத்த ஆம்ப்ளிஃபயர் இரைகிறது என்றாய். நான் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. "கோளாறு பெட்டியில இல்லக்கா, உன் காதுல" என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அன்றைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் உன் காது இருந்திருக்கும்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் படி ஏறுவது?

தம்பி

*

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஏன் வருவதில்லை என்று இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டேன். சொத்துக் கேட்டுவிட்டேனா, உன் மனைவியை ஏதும் சொல்லிவிட்டேனா என்றெல்லாம் யோசித்தாயிற்று. கடைசியில் இதற்கா? கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழுதேன்.

எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அன்று கேட்ட இரைச்சல் பெட்டியுடையதா, என் காதுடையதா? இதுவரை தெரிந்துகொள்ள வழியில்லை. இப்போது இருக்கிறது. ஸ்கோப் போன வாரம் வந்தது. ஆம்ப்ளிஃபயரை இறக்கித் துடைத்து, பாட்டு எதுவும் கொடுக்காமல் சும்மா ஓடவிட்டு, ஸ்பீக்கர் ஒயரில் ஸ்கோப்பின் ஊசியை வைத்தேன். திரை முழுக்க அலை. அத்தான் சாட்சி.

ஆகவே இரைந்தது உன் பெட்டிதான். முகம் கழுவிக்கொண்டு கிளம்பி வா.

உன் அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

கறுப்புக் கிளிப்பை மாட்டினாயா? ஊசியை மட்டும் நீட்டினால் வீட்டுச் சுவரில் ஓடுகிற கரண்டையெல்லாம் வாரிக்கொண்டு அலை காட்டும். உன் விரலால் தொட்டுப் பார், உன் விரலும் இரையும். முதலில் ஊசியையும் கிளிப்பையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடி. கோடு நேராக நிற்க வேண்டும். அதற்கப்புறம் அளந்தால்தான் அளவு.

அப்படியே அலை வந்தாலும் அது இன்றைய இரைச்சல். பெட்டிக்கும் வயசாகும். அன்று இரைந்ததற்கு அது சாட்சி இல்லை. என்னைத் தேற்றுவதற்காக அலை வரையாதே, அக்கா.

தம்பி

*

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கிளிப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. விரலால் தொட்டேன், நீ சொன்னபடி அலை. அத்தான் விரலையும் விடவில்லை, அவருக்கு என்னைவிடப் பெரிய அலை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஊசியையும் கிளிப்பையும் சேர்த்தேன், கோடு நேராக நின்றது. கிளிப்பை ஒழுங்காக மாட்டி ஆம்ப்ளிஃபயரை அளந்தேன். அதே நேர்கோடு. தம்பி சொன்னதுதான் சரி, என் காதேதான் என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். ஸ்கோப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

அத்தான் காபி கொண்டுவந்து டம்ளரை மேசை அதிர வைத்தார். கோடு துள்ளியது. அப்புறம் திரையில் ஒரே மாதிரி மேடுகள், பத்து பத்து மில்லி செகண்டுக்கு ஒன்று. மேசையை மறுபடி தட்டினேன், அடங்கிவிட்டது. தட்டினேன், வந்தது. அத்தான் சிலேட்டை எடுத்து, "வண்டு மறுபடி கத்துது" என்று எழுதினார்.

பெட்டியின் இரைச்சலைத்தான் வண்டு என்கிறார். மறுபடியா என்று கேட்டேன். அந்த வண்டு முதல் நாளிலிருந்தே இருக்கிறதாம், தோன்றினால் கத்துமாம். இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றேன். "நீதான் தினமும் சொல்லிக்கிட்டிருந்தியே, நானும் வேற எதுக்குச் சொல்லணும்" என்று எழுதுகிறார். இந்த மனிதரை என்ன செய்யலாம், நீயே சொல்.

பிளக்கைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, மறுநாள் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கட்டை விரல் பருமனில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறதே, கரண்டின் மேடுபள்ளத்தைச் சமன் செய்வது, அதற்கு இரண்டு கால். ஒரு காலில் பற்றவைத்த ஈயம் முத்து மாதிரி நிற்கிறது. இன்னொரு காலில் ஈயமே இல்லை. உதிர்ந்தது இல்லை, வைக்கவே இல்லை. துளைக்குள் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. தொட்டால் அடங்குகிறது, விட்டால் இரைகிறது; நீ காதை வைத்த அன்று தொட்டுக்கொண்டிருந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை பார்த்தேன். முப்பது வருஷம் பிழை திருத்தியவள் சொல்கிறேன், இது வயசுக் கோளாறு இல்லை. நீ அவசரத்தில் விட்ட பிழை. பாதி முடிப்பதற்குள் அடுத்ததற்கு ஓடுவாய் என்றுதானே உனக்கு அந்தப் பெயரே வந்தது.

ஆக, அன்று என் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. என் காதின் சொந்த இரைச்சல் வேறு மாதிரி, விசில் போல. டாக்டரிடம் போவதற்குப் பத்து நாள் முன்னால்தான் அது வந்தது. அவர் கேட்டபோது பதற்றத்தில் இரண்டையும் ஒன்றாக்கி "ஒரு வருஷமா" என்று சொல்லிவிட்டேன். பிழை அதுதான், அது என்னுடையது. நீ சிரித்த அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும், காது நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அந்தக் காலில் நான் ஈயம் வைக்கவில்லை. எனக்கு வைக்கத் தெரியும். வைக்க மாட்டேன்.

உன் அக்கா

*

ஜூலை 27

அக்கா,

கடிதத்தைப் பட்டறையில் வைத்தே பிரித்தேன். கெப்பாசிட்டர் கால் வரைக்கும் படித்தேன், அதற்குமேல் எழுத்துத் தெரியவில்லை. அப்படி ஒரு அழுகை. பக்கத்து மேசைக்காரர் பதறி எழுந்து வந்து, "வீட்டுல யாருக்காவது ஏதாவதா?" என்று தோளைப் பிடித்தார்.

"இல்லண்ணே. அக்காவுக்குச் செஞ்ச பெட்டியில ஒரு காலுக்கு ஈயம் வைக்காம விட்டுட்டேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தொழில்ல இவ்வளவு அக்கறை கூடாதுப்பா" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

ஞாயிறு காலை வருகிறேன். நான் மணி அடித்தால் உனக்குக் கேட்காது. அத்தானுக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டார். கதவைத் திறந்தே வை. ஈயம் வைக்க சால்டரிங் அயர்ன் நான் கொண்டுவருகிறேன்.

முந்திரிக்கொட்டை