உன் தாத்தா குரலில் கூப்பிட்டேன்

சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள நம் வீட்டுக் குளியலறை வாளிக்கு நேற்று மாலை புதுக் கைப்பிடி பொருத்தப்பட்டது. பொருத்தியவர் உன் அப்பா. மாலை மரியாதை எதுவும் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

அன்புள்ள மகனே, இங்கே நாங்கள் நிமிர்ந்தபடி நலம், நீ அங்கே தலைகீழாக நலம் என்று ஸ்கேனில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். ஒரு ஜாண் தள்ளித்தான் இருக்கிறாய், ஆனால் ஆஸ்திரேலியாவில் இருக்கிற பிள்ளையைக்கூடக் கூப்பிட்டுப் பேசிவிடலாம், உன்னிடம் பேச வாய் வராமல் கடிதம் எழுதுகிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டுச் சேதி. உன் அம்மா தினேஸ்வரிக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது, ஊறுகாய் போத்தல் அதைவிட வேகமாகக் குறைகிறது. நீ பிறக்கும் முன் உனக்கென்று ஒரு சட்டைகூட வாங்கக் கூடாதாம், இரண்டு வீட்டிலும் பிடிவாதமாக நிற்கிறார்கள், அதனால் தொட்டில் இல்லை, துணி இல்லை, அப்பாவாகத் தயாராக வேண்டுமென்றால் வாளியைத்தான் பழுதுபார்க்க முடிகிறது. உன் அப்பனுக்குப் பத்தொன்பது வயது, டயர் கடையில் வேலை, டயருக்குக் காற்றடிப்பான், ஆளுக்குக் கதையடிப்பான், பயம் எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்பான்.

எனக்கு ஒரு வித்தை தெரியும், யார் குரலையும் அப்படியே எடுப்பேன். முதலாளி குரலில் "ராஜு, ஜாக் எடுத்துட்டு வா லா" என்பேன், ராஜு அண்ணன் ஓடுவார், பிறகு ஸ்பானரோடு என்னைத் துரத்துவார். ஆனால் எனக்குப் பேர் வாங்கித் தந்தது என் அப்பா குரல்தான். உன் தாத்தா சின்னையா ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவர், அவர் கத்தினால் எதிர் வரிசை நாயும் வாலைச் சுருட்டும். கத்தலோடு நிற்காது, பெல்ட்டும் வரும். அவர் செத்த பிறகு ஒரு நாள் விளையாட்டாகப் பின்வாசலில் நின்று அந்தக் குரலில் சோறு கேட்டேன், என் அம்மா பதறி ஓடி வந்து தட்டு வைத்துக் குழம்பும் ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை, தட்டை எடுக்கவும் இல்லை. நான் அன்றைக்கும் சிரித்தேன்.

போன மாதம் கிளினிக்கில் ஊசி போட்ட மிஸ்ஸி, "வயித்துல இருக்கப்பவே காது கேக்கும் தம்பி, வாய் ஓயாம பேசுறீங்களே, அத பிள்ளைகிட்ட பேசுங்க லா" என்றார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "வாங்க, நல்லா உதைக்கிறான், பேசுங்க" என்றாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் குனிந்து, "டேய்! எங்கடா ஒளிஞ்சிருக்க, வெளிய வாடா!" என்று அந்தக் குரலை எடுத்தேன். உதைத்துக்கொண்டிருந்த உன் கால் அப்படியே நின்றுவிட்டது. சாயங்காலம் வரை அசையவில்லை, உன் அம்மா ஐஸ் மைலோ குடித்துப் பார்த்தாள், இடப்பக்கம் படுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், உன் நெஞ்சு குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை தூங்குகிறான் என்று அனுப்பிவிட்டார்கள், மறுநாள் நீயும் உதைத்தாய். எனக்குத் தெரியும், அது தூக்கம் இல்லை. சின்ன வயதில் அந்தக் குரல் வாசலில் கேட்டால் நானும் அலமாரி இடுக்கில் அப்படித்தான் நிற்பேன், மூச்சுகூட விடாமல்.

அன்றிலிருந்து உன்னிடம் பேச வரவில்லை. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு யாருக்கும் கேட்காமல் "மகனே" என்று சொல்லிப் பார்க்கிறேன், எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் ஓரத்தில் அவர் இருக்கிறார். நாளைக்கு நீ பாலைக் கொட்டுவாய், என் போனைச் சாக்கடையில் போடுவாய், என் பிள்ளை என்றால் வாத்தியார் மோட்டார் சைக்கிளில் காற்றையும் பிடுங்குவாய், அப்போது எனக்குள்ளிருந்து யார் கத்துவார்? பெல்ட்டே கூடாது என்று கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன், கடையே சிரிக்கிறது, சிரிக்கட்டும். குரலை அப்படிக் கழற்றிப் போட முடியவில்லையே.

ஆனாலும் நீ கவலைப்படாதே, இந்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தை நானே உனக்கு வாசிக்கப் போகிறேன், என் சொந்தக் குரலில், ஒரு நடுக்கமும் இல்லாமல்.

கையும் காலும் திமிரும் குறைவில்லாமல் வந்து சேர். வந்ததும் சத்தமாக அழு, யார் அதட்டினாலும் நிறுத்தாதே, நான் அதட்டினாலும். அதுவரை தலையைத் திருப்பாமல் கீழேயே வைத்திரு, மறந்துவிடாதே.

உன் அப்பா,
தனேஷ்

பி.கு.: ஞாயிறு வந்தது. உட்கார்ந்தேன், முதல் வரிக்கு மேல் வரவில்லை. இதையும் எழுதிச் சேர்த்துத் தாளை உன் அம்மாவிடம் கொடுக்கிறேன், இப்போது உனக்குக் கேட்பது அவள் குரல். மோட்டார் செயினைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன், பொய், கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறேன். நீ உதைத்தால் என்னைக் கூப்பிடச் சொல்.